பேர் கொடுக்காமல் ஏறிய மலை

வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் வழக்கு நிற்காது என்பது சூசைமாணிக்கம் நாற்பத்தைந்து வருடம் துண்டறிக்கை எழுதியும் படித்தும் கற்றுக்கொண்டது. முதலாவது, அறுபத்தைந்தாம் வருடம் ஐப்பசியில், மூடுபனியில் பாதை பிடிபடாமல் ஐந்து நிமிடம் பிந்தி வந்த அவருடைய அப்பா அருளப்பனை, பெரட்டு முடிந்தது, பேர் கூப்பிட்டாகிவிட்டது என்று ஆட்களை வேலை வாங்கும் எஸ்டேட் கண்டக்டர் களத்திலிருந்தே திருப்பி அனுப்பியது. இரண்டாவது, அறுபத்தெட்டில், அக்கா ரெஜினாவுக்கு வலி கண்டபோது, எஸ்டேட் லாரி கொழுந்து ஏற்றத்தான், ஆள் ஏற்ற இல்லை என்று துரை சொன்னது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் இதே மேட்டுப் பாதையில் ஓடியது. இரண்டு உயிராகப் போனவள் ஒற்றை உயிராகத் திரும்பியது. மூன்றாவது, எழுபத்திரண்டில், பள்ளிக்கூடத்தைப் பூட்டி அதில் உரமூட்டை அடுக்கியது. நான்காவது, எழுபத்தொன்பது வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள், ஆபீஸ் கதவில் பத்தொன்பது பேர் பட்டியலை ஒட்டி, இனி வேலை இல்லை என்று முதல் பேராக அவருடைய பேரைப் போட்டது. ஐந்தாவது, தொண்ணூற்றாறில், அவர் ராத்திரி பகலாக எழுதிக் கொடுத்த அறிக்கையைச் சங்கமே அச்சடித்து, அடியில் இருந்த அவர் பேரை எடுத்துவிட்டு வேறொருவன் பேரைப் போட்டது. ஆறாவது, இன்று காலை எட்டு மணிக்கு, செக்போஸ்ட் முன்னால், வெளியூரிலிருந்து மலையேற வந்த பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வழிகாட்டி எஸ்தர் நோட்டை நீட்டி, "பேர் குடுக்காதவங்க ஏறக் கூடாது தலைவரே, உங்களுக்கும் அதுதான்" என்றது. ஏழாவது. ஏழாவதில்தான் சிக்கிக்கொண்டது. ஏழாவது இந்தப் பனி. கையை நீட்டினால் விரல் நுனி தெரியவில்லை. குடைக்கம்பி தெரிகிறது, குடையின் விளிம்பு தெரியவில்லை. இதை யார் செய்தது என்று எழுதுவது? ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத குற்றத்தை எந்த அறிக்கையில் போடுவது? அவர் மறுபடியும் முதலாவதிலிருந்து தொடங்கினார். அறுபத்தைந்து, ஐப்பசி, அப்பா. அப்பாவும் இப்படித்தான் நின்றிருப்பாரோ, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, குருடனைப் போல. அந்த நினைப்பு வரிசையில் இல்லாதது. தள்ளிவிட்டார்.

அவர் நின்றிருந்த இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை என்று சொல்வதைவிட, தெரியும் என்று மனது மூன்று தரம் சாதித்து மூன்று தரமும் தோற்றது என்று சொல்லலாம். முதலில் இது பழைய மேல் டிவிஷன் பெரட்டுக் களத்துக்குப் போகிற வழி என்று நினைத்தார். தினமும் விடிவதற்கு முன் ஆட்களை நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிட்ட அந்தக் களத்தில்தான் எழுபத்தொன்பதில், ஆவணி பன்னிரண்டாம் தேதி, அவர் பேரைக் கூப்பிட்டபோது அவர் பதில் சொல்லாமல் நின்றார், அடுத்தவனும் சொல்லவில்லை, இருநூற்றுப் பத்துப் பேர் வாயைத் திறக்கவில்லை. அப்படித் தொடங்கியது வேலைநிறுத்தம். மேல் டிவிஷனை மூடிப் பதினெட்டு வருடம் ஆகிறது. தேயிலைச் செடி மரமாகி நிற்கிறது. ஆனாலும் ஆவணி பன்னிரண்டு வந்தால் அவர் ஏறுவார், களத்தில் சற்று நேரம் நிற்பார், இறங்குவார். அதற்கு எவளிடம் நோட்டில் பேர் கொடுப்பது? நான் செதுக்கின பாதைக்கு நான் அனுமதி கேட்பதா? காலையில் எஸ்தரிடம் இதைத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நோட்டை மூடினாள். "அப்ப வீட்டுக்குப் போங்க, சாயந்தரம் டீ குடிக்க வாங்க" என்றாள். அவர் வீட்டுப் பக்கம் நடப்பது போல நடந்து, தேயிலைக் காட்டுக்குள் புகுந்து, செக்போஸ்டுக்குப் பின்பக்கமாக மேலே ஏறிவிட்டார். ஆகவே அவர் இந்த மலையில் இருப்பது யாருக்கும் தெரியாது. இது காலையில் வெற்றியாக இருந்தது. நடுப்பகலில் பனி இறங்கியபோதும் கொஞ்சம் வெற்றியாகத்தான் இருந்தது. இப்போது அதைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. நாலு மணிக்கு எஸ்தர் பட்டியலைப் பிரித்துப் பேர் வாசிப்பாள், பதினோரு பேரும் இருக்கிறேன் என்பார்கள், கணக்கு சரி என்று வேன் கிளம்பிவிடும். இல்லாத பன்னிரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டு யார் வருவார்கள்? பட்டியலில் இல்லாதவன் தொலையவும் முடியாது. இதை ஒரு அறிக்கைக்குத் தலைப்பாக வைக்கலாம் என்று தோன்றியது; தோன்றிய வேகத்திலேயே பயம் வந்தது. பயம் முழங்காலில் வந்தது, இடது முழங்காலில், போலீஸ் லத்தி பட்ட முழங்கால். லத்தியை வரிசையில் சேர்க்கவில்லையே. நான்காவதுக்குள் அடங்குமா, தனியாகப் போட வேண்டுமா?

விதி ஒன்று: புறப்படும் முன் பெயர் கொடு. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கீழே இருக்கும் ஒருவருக்குத் தெரிய வேண்டும். இந்த வாக்கியம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவருடையதுதான். இரண்டு மாதத்துக்கு முன் எஸ்தர் ஒரு காகிதத்தோடு அவர் வீட்டுக்கு வந்தாள். "தலைவரே, பயிற்சியில குடுத்தாங்க, படிச்சா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு. ஜனங்களுக்குப் புரியற மாதிரி நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க, போர்டு வைக்கணும்." அவர் ஒரே மாலையில் எழுதினார். பதினான்கு விதி. ஒரு சொல் மிகையில்லை. போர்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் செல்போனில் படம் பிடிப்பதைத் தள்ளி நின்று பார்ப்பார். விதி நான்கு: மழைக்காலத்தில் பருத்தி உடுத்தாதே, நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சும். அவர் உடுத்தியிருப்பது கதர்ச் சட்டையும் நாலு முழ வேட்டியும். இரண்டும் ஈரத்தில் உடம்போடு ஒட்டி, வேறு யாருடைய தோலோ மாதிரி இருந்தன. விதி ஐந்து: பிடிப்புள்ள காலணி அணி. டயர் செருப்பின் அடிப்பக்கம் கன்னம் போல வழவழத்துவிட்டது. விதி ஆறு: கழுத்தில் விசில் தொங்கட்டும், மூன்று முறை ஊது, நிறுத்து, மறுபடி மூன்று முறை ஊது. விசில் இல்லை. விசில் என்றால் கண்டக்டர், விசில் என்றால் போலீஸ். ஊதுகிறவன் எவனும் நம் ஆள் இல்லை என்று எஸ்தரிடமே சொன்னவர் அவர். ஆனாலும் விதியை எழுதினார், அழகாக எழுதினார். விதி பதினொன்று: எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்பு, உச்சி நாளைக்கும் இருக்கும். இரண்டு மணிக்கு அவர் களம் இன்னும் கால் மைல்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். எழுதுகிறவனுக்கும் அவன் எழுதியதற்கும் என்ன உறவு? மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர் தானும் அதை விழுங்க வேண்டுமா? காலில் ஏதோ ஊர்ந்தது. அட்டை. குனிந்து பார்த்தால் ஒன்றல்ல, விரலிடுக்கில் மூன்று, கெண்டைக்காலில் கொழுத்த ஒன்று. விதி எட்டு: அட்டையைப் பிய்க்காதே, உப்புத்தூள் போடு. உப்பு இல்லை. பிய்த்தார். ரத்தம் நிற்காமல் வழிந்தது. குளிர் நடுக்கம் பல் வரைக்கும் வந்துவிட்டது. தோள்பையில் துழாவினார். போன், அதன் பாட்டரி குளிரில் செத்து ஒரு மணி நேரம் ஆகிறது. மூக்குக்கண்ணாடி. களத்தில் வைப்பதற்கென்று வருடா வருடம் கொண்டுபோகிற பழைய துண்டறிக்கைக் கட்டு, நூறு தாள் இருக்கும். விதி பதின்மூன்றில், குளிர் தாங்காவிட்டால் சட்டைக்குள் காகிதத்தைத் திணித்துக்கொள் என்று ஒரு வரி வரும். சட்டைப் பொத்தானைக் கழற்றி, தொழிலாளத் தோழர்களே என்று தொடங்கும் தாள்களை மார்பிலும் முதுகிலும் திணித்துக்கொண்டார். சற்றுப் பொறுத்துக் கதகதப்பு வந்தது. இத்தனை வருடத்தில் தான் எழுதியது ஒரு ஆளுக்காவது சூடு கொடுத்ததை அவர் நேரில் பார்த்தார். சிரிக்க வேண்டும் போல இருந்தது. பல் கிட்டித்ததால் சிரிப்பு வரவில்லை.

விதி ஏழு: வழி தப்பினால் நில். நடக்காதே. நிற்கிறவனைத் தேடிவிடலாம், நடக்கிறவனைத் தேட முடியாது. சரி, நிற்கலாம் என்று நின்றார். நின்ற உடனே கால் கூசியது. நில் என்ற சொல்லைக் கேட்டு அவர் ஆயுளில் நின்றதில்லை. கண்டக்டர் நில் என்றபோது நடந்தார், இன்ஸ்பெக்டர் நில் என்றபோது கொடியோடு ஓடினார், நின்றவன் தோற்றான் என்று மேடையில் எத்தனை தரம் முழங்கியிருப்பார். இரண்டு அடி நடந்தார். பிறகு நின்றார். தேடத்தான் யாரும் வரப்போவதில்லையே, நின்று என்ன பயன் என்று மறுபடி நடந்தார். இடப்பக்கம் ஒரு கறுப்பு உருவம். காட்டெருமை என்று உடம்பு சிலிர்த்தது. மரமாகிவிட்ட தேயிலைச் செடி. தேயிலை இருந்தால் தொழிலாளர் குடியிருந்த பாடி வீடுகள் பக்கம்தான், பாடி இருந்தால் ஓடை பக்கம்தான். கீழே, எங்கேயோ முன்னால், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மனசு குளிர்ந்தது. தண்ணீரோடு இறங்கினால் பாடிக்குப் போய்விடலாம். அந்தக் காலத்தில் குழாயடி அங்கேதான். விதி ஒன்பது என்னவோ சொன்னது. தண்ணீரைப் பற்றித்தான். நீரோடையைப் பின்தொடராதே என்பதா, நீரோடையை விட்டு விலகாதே என்பதா? எழுதியவருக்கே நினைவில்லை. தண்ணீர், குழாயடி. குழாயடியில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், வரிசையின் கடைசியில் ஒருத்தி. அவள் குடத்தை வைக்கிறாள், முன்னால் நிற்கிறவள் காலால் தள்ளிவிடுகிறாள். மரியபுஷ்பம். இந்தப் பேர் எங்கிருந்து வந்தது? இது வரிசையில் இல்லாத பேர். மரியபுஷ்பம், எஸ்தருடைய அம்மா. வேலைநிறுத்தத்தின் பதினேழாம் நாள் அவள் தனியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். பதினெட்டாம் நாள் கடைவீதியில், மைக்கில், அறுநூறு பேருக்கு முன்னால், அவர் அவள் பேரை வாசித்தார். வெறும் பேரை வாசிக்கவில்லை. கருங்காலி மரியபுஷ்பம் என்று வாசித்தார், மூன்று தரம், ஒவ்வொரு தரமும் கைதட்டு. பதினோரு மாதம் யாரும் அவளோடு பேசவில்லை. வேலைக்கு வராத வீட்டுக் குழந்தைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று அப்போது ஒரு உத்தரவு இருந்தது. ஆறு மாதக் கைக்குழந்தைக்கு அன்று கணச்சூடு, வலிப்பு வேறு கண்டிருந்தது. இது அவருக்குத் தெரிய வந்தபோது வருடம் இரண்டு ஓடிவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. மறுப்பு அறிக்கை போட்டால் எதிரிக்கு ஆயுதமாகும் என்று சங்கத்தில் சொன்னார்கள். அவரும் அதையே சொல்லிக்கொண்டார். அந்தக் கைக்குழந்தைதான் எஸ்தர். இதை வரிசையில் சேர்த்தால் எங்கே சேர்ப்பது? எழுபத்தொன்பது, வேலைநிறுத்தம் முடிவதற்கு முன். அப்படியென்றால் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் வரும். வந்தால் நான்கு ஐந்தாகும், ஐந்து ஆறாகும், எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். அதுவுமில்லாமல் மற்றதெல்லாம் அவருக்கு மற்றவர்கள் செய்தது. இது? காலையில் எஸ்தர் நோட்டை நீட்டினபோது பெரட்டு ஞாபகம் வந்து மறுத்ததாகத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது வேறு மாதிரி இருக்கிறது. அவள் கையில் தன் பேர் போவதுதான் பிடிக்கவில்லை. பேரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவள் இரண்டு மாதம் முன்னால் வீட்டுக்கு வந்தாளே, டீ குடித்தாளே, தலைவரே என்றாளே; அந்தத் தலைவரேவுக்குள் என்ன இருந்தது, மரியாதையா, கேலியா, அம்மா சொல்லிக் கொடுத்த ஏதாவதா? மரியபுஷ்பம் செத்து மூன்று வருடம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். தண்ணீர்ச் சத்தம் பெரிதாகியது. காலுக்குக் கீழே மண் போய்ப் பாறை வந்திருந்தது. எப்போது வந்தது?

அப்போதுதான் குரல்கள் கேட்டன. பனியில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. தலைக்கு மேலே வானத்திலிருந்து யாரோ பேசுவது போல இருந்தது, பிறகு காலடியிலிருந்து. "பார்த்தனுங்க்கா, சத்தியமாப் பார்த்தனுங்க. கறுப்புக் குடை. நான் கையாட்டுனேன், அந்தப் பெரியவரு திரும்பிக்கூடப் பாக்கல." அது திருப்பூர்க்காரன், தென்னரசு என்று காலையில் நோட்டில் பேர் சொன்ன தடித்த ஆள், தையல் மிஷின் மெக்கானிக். அப்படியானால் கீழே இருப்பது செக்போஸ்ட். செக்போஸ்டுக்கு மேலேயே இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேனா? "குடையோட மலைக்குப் போற ஆளு இந்த ஊருல ஒருத்தர்தான்" என்றது வாட்சர் பொம்மையனின் கட்டைக் குரல். "வீம்பு பிடிச்ச மனுசன். பட்டியல்ல இல்லாத ஆளுக்கு நீ ஏன் கண்ணு அல்லாடுற? வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பாரு." எஸ்தர் சொன்னாள்: "வீடு பூட்டிக் கெடக்கு. ஆள் விட்டுப் பாத்தாச்சு." வேன்காரன் ஹாரன் அடித்தான். "அடிக்கட்டும். பன்னெண்டு பேரும் வராம வண்டி நகராது" என்றாள் எஸ்தர். "நோட்டுல பதினொண்ணுதானேக்கா இருக்குது?" என்றான் தென்னரசு. "இப்ப எழுதறேன். பொம்மையண்ணே, கயிறை எடுங்க, நாம ரெண்டு பேரும் மேல போவோம்." மேலே வருவாள். இந்த வழுக்குப் பாறையில், இந்தப் பனியில், அவருக்காக. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தார். ஆயிரம் பேர் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசிய தொண்டை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? வாழ்க என்று கூப்பிடத் தெரியும், ஒழிக என்று கூப்பிடத் தெரியும், விடமாட்டோம் என்று கூப்பிடத் தெரியும். தனக்கென்று ஒன்றைக் கேட்டு அவர் குரல் உயர்த்தியதே இல்லை. அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தார். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது, நாலு எட்டு இறங்கினால் தானாகவே பாதை வந்துவிடும், காலரைச் சரி செய்துகொண்டு, எதற்கு இவ்வளவு கூட்டம் என்று கேட்டுக்கொண்டே போய் நிற்கலாம். வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, தொண்டையிலிருந்து அவருக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் வந்தது: "ஏம்மா எஸ்தர்!"

"யாரும் பேசாதீங்க" என்றாள் எஸ்தர். ஹாரன் நின்றது. "தலைவரே, எங்க நிக்கறீங்க?" "தெரியல" என்றார். இந்தச் சொல்லை வெளியில் சொன்னதும் உடம்பு லேசாகி, அதனாலேயே இன்னும் நடுங்கியது. "காலுக்குக் கீழ என்ன இருக்கு?" "பாறை." "ஈரமா?" "ஈரம்." "தண்ணிச் சத்தம் எந்தப் பக்கம்?" "முன்னால. கிட்டத்துல." கீழே யாரோ "ஐயோ" என்று முணுமுணுத்தார்கள். எஸ்தரின் குரல் மட்டும் அசையவில்லை. "நில்லுங்க. காலை எடுத்து முன்னால வைக்காதீங்க, நாப்பதடிப் பள்ளம். அப்படியே உக்காருங்க, முடிஞ்சா. பொம்மையண்ணன் பின்பக்கமா வர்றாரு. உங்க குரலைப் பிடிச்சுத்தான் வரணும், கண்ணு தெரியாது. பேசிக்கிட்டே இருங்க." தூக்கிய காலை அவர் பின்னால் வைத்தார். பாறையில் கை ஊன்றி, மெல்ல, சட்டைக்குள் தாள்கள் சரசரக்க உட்கார்ந்தார். நின்றுவிட்டார். ஒருத்தி நில் என்றாள், நின்றுவிட்டார். "என்ன பேசறது?" என்று கேட்டார். "நல்லாக் கேட்டாரு போங்க" என்றான் தென்னரசு, "ஊரையே பேசித் தீர்த்தவருன்னு இப்பத்தான் சொன்னாங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள், பயந்த சிரிப்பு. "சரி, நான் பட்டியல் வாசிக்கறேன்" என்றாள் எஸ்தர். "எப்படியும் திரும்பி வந்தா எல்லாருக்கும் முன்னால வாசிக்கணும், அதுதான் முறை. இவங்க ஒவ்வொருத்தரும் பதில் சொல்லுவாங்க. உங்க முறை வந்தா நீங்க சொல்லுங்க, பொம்மையண்ணன் வந்து தொடற வரைக்கும் உங்க பேரையே திருப்பித் திருப்பி வாசிப்பேன், சொல்லிக்கிட்டே இருக்கணும்." காகிதம் புரளும் சத்தம் கூடக் கேட்டது போல இருந்தது. ஒன்று, இருக்கிறேன். இரண்டு, இருக்கிறேன். ஒவ்வொரு குரலும் பனிக்குள் ஒரு முளை அடித்தது போல இறங்கியது. அந்த முளைகளைக் கோத்துப் பார்த்தபோது கீழே எது, வலது எது, தான் எங்கே என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஆறு. ஏழு, பெண் குரல். எட்டு, தென்னரசு, "இருக்கனுங்க்கா." பின்னால் எங்கோ கயிறு பாறையில் உரசுகிற சத்தம். பத்து. பதினொன்று. பிறகு அவள் நிறுத்தினாள். இந்த நிறுத்தம் அவருக்குத் தெரியும். மைக் முன்னால் அவரே இப்படி நிறுத்தியிருக்கிறார், கூட்டம் மூச்சைப் பிடிக்கட்டும் என்று, பேருக்கு முன்னால் வைக்கப் போகிற அந்த ஒரு சொல்லுக்காக. பதினோரு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாலும் தகும். "எஸ்தர், உங்கம்மா…" என்று தொடங்கினார், அதற்குள் கீழே பேச்சுக் குறுக்கிட்டது. "அக்கா, அவரு அப்பா பேரு எழுதணுமே, யாருக்குத் தெரியும்?" என்றது ஒரு பெண் குரல். "எனக்குத் தெரியும்" என்றாள் எஸ்தர். "எங்கம்மா சொல்லியிருக்கு." பேனா எழுதி ஓய்ந்தது. பிறகு அவள் குரலை உயர்த்தி, நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "பன்னெண்டு. அருளப்பன் மகன் சூசைமாணிக்கம்."